பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

1613 அக்டோபரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்கு அருகே ஒரு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை யோகன்னஸ் கெப்ளர்; கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று நான்கு வருடம் முன்பே எழுதிவிட்டவர். அந்த வருடம் திராட்சை நல்ல விளைச்சல். புதுக்குடித்தனத்துக்கென்று சில பீப்பாய் ஒயின் வாங்கிப் போட்டார். வியாபாரி ஒரு கோலோடு வந்தார். பீப்பாயின் வயிற்றில் இருக்கும் துளை வழியே கோலைச் சாய்த்து விட்டார். அது எதிர்ப்பக்க அடிமூலையில் முட்டியதும் நீளத்தைப் பார்த்து விலையைச் சொன்னார். குட்டைப் பீப்பாயோ நெட்டைப் பீப்பாயோ, எல்லாவற்றுக்கும் அதே கோல், அதே கணக்கு.

செவ்வாயின் பாதையை அளந்தவருக்கு இது பொறுக்கவில்லை. ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி 1615-ல் லின்ஸிலேயே அச்சிட்டார்.

அவருடைய சந்தேகத்தை இன்றைக்கு ஒரு பிளஸ் டூ மாணவி அரைப் பக்கத்தில் தீர்த்துவிடுவாள். பீப்பாயின் வயிற்றுப் பெருக்கத்தை விட்டுவிட்டு அதை நேரான உருளையாக எடுத்துக்கொள்வோம். துளை நீளத்தின் நடுவில் இருக்கிறது. கோல் காட்டியது சரியாக ஒரு மீட்டர். நீளமும் விட்டமும் சமமாக உள்ள பீப்பாயில் 562 லிட்டர் பிடிக்கும். நீளம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 555 லிட்டர். மூன்று மடங்கு என்றால் வெறும் 402. எல்லாவற்றுக்கும் கோல் காட்டுவது ஒரே நீளம், ஒரே விலை. நெட்டைப் பீப்பாய் வாங்கியவர் 150 லிட்டருக்கு மேல் இழந்திருப்பார். கெப்ளரின் எரிச்சலில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் அதிகம் பிடிப்பது எது? கொள்ளளவை நீளத்தின் சார்பாக எழுதி, வகைக்கெழு (மாறுவீதம்) கண்டு, பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் விடை வந்துவிடும்: நீளம் விட்டத்தைப் போல √2 மடங்கு, அதாவது சுமார் 1.41. அந்தப் பீப்பாயில் 604.6 லிட்டர். ஆஸ்திரியப் பீப்பாய்க்காரர்களோ நீளத்தை விட்டத்தின் ஒன்றரை மடங்காக வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதில் எவ்வளவு பிடிக்கும்? 603.2 லிட்டர்.

இந்த இடத்தில்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். விகிதம் ஆறு சதவீதம் பிசகியிருக்கிறது. ஒயின் குறைந்ததோ ஒன்றரை லிட்டர்கூட இல்லை. உச்சிக்குப் பக்கத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிது என்பதை வகைக்கெழு என்ற சொல் பிறப்பதற்கு முன்பே கெப்ளர் கண்டுகொண்டார். ஆஸ்திரியப் பீப்பாய் உச்சியின் அருகிலேயே இருந்ததால், ஆசாரியின் கை கொஞ்சம் முன்னேபின்னே போனாலும் வியாபாரியின் கோல் பொய் சொல்லவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்கப் போனவர், உள்ளூர்க்காரர்களின் கைப்பழக்கத்தை மெச்சிவிட்டுத் திரும்பினார்.

பிரான்ஸின் துலூஸில் நீதிமன்றப் பதவியில் இருந்த கணிதர் ஃபெர்மா 1630-களில் இதே யோசனையை ஒரு வழிமுறையாக்கினார். ஒரு கோட்டை இரண்டாக வெட்டி, துண்டுகளின் பெருக்கற்பலன் அதிகமாக வேண்டும் என்றால் எங்கே வெட்டுவது என்பது அவர் காட்டிய எளிய உதாரணம். வெட்டும் இடத்தை இம்மியளவு நகர்த்தியும் பெருக்கற்பலன் அசையாவிட்டால் அதுவே உச்சம். முறை சரியில்லை என்று தத்துவஞானி தெகார்த் சண்டைக்கு வந்தது தனிக்கதை. 1684-ல் ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸ் நுண்கணிதத்தைப் பற்றி முதன்முதலாக அச்சில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே பெருமம், சிறுமம் காண்பதற்கான புதிய முறை என்றுதான் தொடங்குகிறது. ஆக, இந்தப் பாடம் நுண்கணிதத்தின் கடைசியில் ஒட்டவைத்த ‘பயன்பாடு’ கிடையாது. நுண்கணிதம் பிறந்த இடமே இதுதான்.

நம் வகுப்பறையில் இது என்ன ஆகிறது? வகைக்கெழுவைக் காண்க, பூஜ்யத்துக்குச் சமப்படுத்துக, இரண்டாம் வகைக்கெழுவின் குறியைப் பார்த்துப் பெருமமா சிறுமமா என்று எழுதுக. மூன்று படி, முழு மதிப்பெண். பாடப்புத்தகம் ஏறும் சார்பு, இறங்கும் சார்பு, குறி மாற்றம் எல்லாவற்றையும் முறையாகவே சொல்கிறது. ஆனால் மாணவர் மனதில் தங்குவது பூஜ்யம் ஒன்றுதான். xன் கனத்தை எடுங்கள். பூஜ்யத்தில் அதன் வகைக்கெழு பூஜ்யம். ஆனால் அங்கே உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. ஏறிக்கொண்டிருந்த வளைவரை ஒரு கணம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறுகிறது. இரு பக்கத்துக் குறியைப் பார்க்காமல் பூஜ்யத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இது புரியாது.

இது பரீட்சைக் கவலை மட்டும் என்று நினைத்தால் 2021 மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கொரோனா இரண்டாம் அலையின் அன்றாடத் தொற்று மே 21-ல் 36,184 ஆக உச்சம் தொட்டது. மறுநாள் 35,873. அடுத்து 35,483. வரைபடம் தலை கவிழ்ந்துவிட்டது, ‘குறையத் தொடங்கியது’ என்று தொலைக்காட்சிகள் சொல்ல ஆரம்பித்தன. ஆனால் சிகிச்சையில் இருந்தவர்கள் எண்ணிக்கை மே 21-ல் சுமார் 2.75 லட்சம், மே 27-ல் அது 3,13,048. தொற்று குறைந்துகொண்டிருந்த அதே ஆறு நாட்களில் சிகிச்சையில் இருந்தோர் ஏறக்குறைய 38,000 பேர் கூடினார்கள்.

முரண்பாடு ஒன்றும் இல்லை. சிகிச்சையில் இருப்போர் எண்ணிக்கையின் மாறுவீதம் என்பது அன்று புதிதாக வந்தவர்களில் இருந்து குணமானவர்களையும் இறந்தவர்களையும் கழித்தால் கிடைப்பது. மே 27-ல் புதியவர்கள் 33,361, குணமானோர் 30,063, இறந்தோர் 474. கழித்தால் இன்னும் கூட்டல் குறிதான். மறுநாள் புதியவர்கள் 31,079, குணமானோர் 31,255, இறந்தோர் 486. குறி கழித்தலாக மாறியது. உண்மையான உச்சம் அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் கழிந்தது. மொத்தத் தொற்றின் வளைவரைக்கு மே 21 வளைவு மாற்றப் புள்ளி, அதாவது ஏற்றத்தின் வேகம் தளரத் தொடங்கிய இடம். மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கு அது ஏற்றத்தின் நடுவழி.

விலைவாசியிலும் இதே குழப்பம் மாதாமாதம் நடக்கிறது. 2022 ஏப்ரலில் 7.79 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் 2023 மே மாதம் 4.25 ஆகக் குறைந்ததாக அறிவிப்பு வந்தது. ‘எங்கே குறைந்தது?’ என்று மளிகைக் கடையில் பில்லைப் பிடித்துக்கொண்டு கேட்டவர் கேட்டது சரியான கேள்வி. பணவீக்கம் விலையின் மாறுவீதம். அது 4.25-ல் இருந்தாலும் கூட்டல் குறியோடு இருக்கும்வரை விலை ஏறும் சார்புதான். ஏறும் வேகம் மட்டுமே தளர்ந்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தலைப்பு வைக்கும் பத்திரிகைகளுக்கும், இந்தப் பத்திரிகை உட்பட, ஒரு குட்டு வைக்கலாம்.

பூஜ்யத்தில் சிக்காத முறிவுகளும் உண்டு. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழுகிறது; 501-வது யூனிட்டில் பில் ஒரே தாவாகத் தாவும். அங்கே சாய்வே இல்லை, வகைக்கெழு எடுக்கவும் முடியாது. மாதக்கடைசியில் ஏ.சி.யை அணைத்துவிட்டு மீட்டரை எட்டிப் பார்க்கும் குடும்பத்தலைவிக்கு இது தெரியும். முனைகளையும் முறிவுகளையும் தனியே சோதிக்க வேண்டும் என்று ஆசிரியர் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிடும் வரி இதைப் பற்றித்தான்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ஒரு வருடமாவது மூன்றாம் படி பல்லுறுப்புக் கோவையை ஓரம் கட்டலாம். 2021 மே மாதத்துக் கொரோனா எண்ணிக்கைகளின் பத்து நாள் அட்டவணையைக் கொடுத்து, எந்தெந்த எண்ணிக்கை எந்த நாளில் உச்சம் தொட்டது, ஏன் ஒரே நாளில் தொடவில்லை என்று கேட்கலாம். விடை எழுதக் கழித்தல் தெரிந்தால் போதும்.