லட்ச ரூபாய் சைக்கிள் உடைஞ்சா... விழுந்ததை மறைக்காதீங்க!

ஜவ்வாது மலை ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது இப்போது பெரிய மோகம். போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு மூச்சு வாங்க ஏறுகிறார்கள். ஏறுவதில் ஆபத்து குறைவு. இறங்கும்போதுதான் வினை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பிடி மணல் கிடந்தால் போதும். பிரேக் பிடித்ததும் சக்கரம் சறுக்கி, தடுப்புச் சுவரில் "டமார்"!

பிளஸ்-1 பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் விழுந்தால் கவலை இல்லை. ஊர்க் கடையில் கோட்டம் எடுத்து, பிரேமுக்கு வெல்டிங் வைத்து, அன்று மாலையே ஓட்டலாம். லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் கதையே வேறு. அது இரும்பு அல்ல. நாரை அடுக்கடுக்காகப் பசையில் ஒட்டிச் செய்தது. வெல்டிங் வேலைக்கு ஆகாது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே விரிசல் விட்டிருக்கும். அடுத்த இறக்கத்தில் முன் போர்க் "படக்"கென்று முறிந்தால், ஆள் பிழைப்பது கஷ்டம்.

கம்பெனி தரும் வழி

வாரண்டி இருக்கே என்பீர்கள். வாரண்டி என்பது தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான். நீங்கள் விழுந்து உடைத்தால் செல்லாது. அதற்காகவே பல கம்பெனிகள் தனியாக ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருக்கின்றன. விபத்தில் உடைந்த பிரேமைக் காட்டினால், புதுசைத் தள்ளுபடி விலையில் தரும். அமெரிக்காவின் டிரெக் கம்பெனி, தன் கார்பன் சக்கரத்தை வாங்கிய முதல் 2 வருஷத்துக்குள் ஓட்டி உடைத்தால் இலவசமாகவே சரிசெய்து அல்லது மாற்றித் தருவதாக அறிவித்தது. முதலில் வாங்கியவருக்குத்தான் இந்தச் சலுகை. கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனை மாறும். நம் ஊரில் வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதை, பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டு தில்லுமுல்லு

இதில் இரண்டு வகைத் தில்லுமுல்லு உண்டு. ஒன்று, விழுந்ததை மறைத்து, "தானாவே உடைஞ்சிடுச்சு சார்" என்று வாரண்டி கேட்பது. மோதலில் உடைந்ததா, தானாக விட்டதா என்பதை விவரம் தெரிந்தவர் பார்த்ததும் கண்டுபிடித்து விடுவார். நேர்மையாகச் சொல்லியிருந்தால் தள்ளுபடியாவது கிடைத்திருக்கும். பொய் சொன்னால் அதுவும் போச்சு.

இரண்டாவதுதான் கொடுமை. விரிசல் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, "அதிகம் ஓட்டாத வண்டி" என்று அடுத்தவன் தலையில் கட்டுவது. வாங்கியவன் மலை இறங்கும்போது என்ன ஆவான்? இது வியாபார சாமர்த்தியம் அல்ல, மோசடி. அந்தக் காலத்து 420 தான், 2024 ஜூலையில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்: உயிர் போன பிறகு "எனக்குத் தெரியாது" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

என்ன செய்யணும்?

விழுந்தால் எழுந்ததும் ஏறி மிதிக்காதீர்கள். வேன் பிடித்து இறங்குங்கள். உடைந்த இடத்தைப் போட்டோ எடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் நம்பரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்கும்போது மாற்றுத் திட்டம் என்று ஆசை காட்டிவிட்டு, உடைந்து வந்தவரிடம் கையை விரிப்பது நியாயமா? எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். 2019 சட்டப்படி, வாடிக்கையாளர் தான் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். விரிசல் விட்ட பிரேமை நம்பி மலை இறங்குகிற உயிருக்கு மாற்றுத் திட்டம் எந்தக் கம்பெனியிலும் இல்லை!