சில்லறையா இச்செல்வம்?

இலக்கியக் கூட்டங்களில் ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி ஒலிக்கிறது. நல்ல நாவலாசிரியர் ஒருவர் திரைப்படச் சுவரொட்டியையும், அடுத்த வீட்டு வானொலியையும், அஞ்சலகத்துப் பசைக் கிண்ணத்தையும் பற்றி வேடிக்கையாக எழுதிவிட்டால், காவியம் படைக்க வேண்டிய கை கடலை கொறிக்கிறதே என்று பெருமூச்சு விடுவோர் பலர். நாவல் தங்கம், கட்டுரை சில்லறை என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கு பிழையானது என்பதே நம் வாதம்.

பெருமூச்சு விடுவோர் சங்க இலக்கியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுபவர்கள். குறுந்தொகையில் கூடலூர் கிழார் என்ன பாடினார்? புதுமணப் பெண் ஒருத்தி தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை அவள் கண்ணில் படிகிறது. அவள் வைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அடுக்களைப் புகை இரண்டாயிரம் ஆண்டு பழையதானால் இலக்கியம், இன்றையதானால் அற்பம் என்பது என்ன நியாயம்?

1965இல் கி. கஸ்தூரிரங்கன் டில்லியில் 'கணையாழி'யைத் தொடங்கினார். அதன் கடைசிப் பக்கம் சுஜாதாவின் (1935–2008) ஆட்சிக்கு வந்தது. டில்லியில் அரசுப் பணியிலும், பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் இருந்த அந்தப் பொறியாளர், திரைப்படம், புதுக்கவிதை, அறிவியல் விந்தை, அன்றாட வாழ்வின் கோணல்கள் யாவற்றையும் ஒரே பக்கத்தில் அருகருகே அமர்த்தினார். அது வெறும் பொழுதுபோக்கு அன்று. புதிய பொருள்களைச் சொல்லத் தமிழ் வாக்கியம் பயிற்சி பெற்ற களரி அது. பட்டிமன்றத் தமிழில் கணிப்பொறியைப் பற்றிச் சிரிக்க இயலாது; அவர் தமிழில் இயன்றது.

அற்பத்தை நோக்கும் கண் எத்தனை தொலைவு செல்லும் என்பதற்கு மற்றொரு சான்று ஆர். கே. நாராயண். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'ஹிந்து' நாளிதழில் வாரந்தோறும் அவர் எழுதிய சிறு கட்டுரைகள் 1960இல் 'நெக்ஸ்ட் சண்டே' என நூலாயின. 1989இல், நியமன உறுப்பினராக மாநிலங்களவையில் முதன்முறை பேச எழுந்தபோது, அவர் எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை! அதன் சுமையால் குழந்தைகள் கூனிப் போகின்றனர் என்றார். பின்னர், 1992இல் அமைந்த யஷ்பால் குழு பள்ளிச் சுமையை ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கை அளித்தது. பெரும் பொருளாதாரம் பேசிய அவையில், பையைக் கண்டவர் நாவலாசிரியர்.

வேடிக்கையாக எழுதப்பட்டவை எல்லாம் இலக்கியம் என்று நாம் சொல்லவில்லை. நடிகர் வீட்டுத் திருமணத்தை நான்கு கிண்டலோடு விவரிப்பது வம்பு. பலரும் பார்த்துப் பாராமற்போனதை ஒருவர் நின்று பார்த்துக் காட்டுவதே கட்டுரை. நகல் செய்வோர் சுஜாதாவின் கேலியை எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னிருந்த கவனத்தை விட்டுவிட்டார்கள். அக்குற்றம் வடிவத்தினுடையதாகாது.

சாகித்திய அகாதெமி தமிழுக்கு அளித்த முதற்பரிசு, 1955இல், ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்ப'த்துக்கே, அது கட்டுரைத் தொகுதி. அன்று கட்டுரைக்குத் திறந்த கதவு, அது சிரிக்கத் தொடங்கியதும் ஏன் சாத்தப்பட வேண்டும்?

வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இது வெறும் வாதப் பொருள் அன்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் வேறு மொழி கற்கும் நம் பிள்ளைகள் சிலப்பதிகாரத்தின் வாயிலில் நேரே வந்து நிற்கப் போவதில்லை. தாம் காணும் திரைப்படத்தையும், ஏறும் பேருந்தையும் தமிழில் படித்து ஒருமுறை சிரித்துவிட்டால், அடுத்த பக்கத்தைத் தாமே புரட்டுவர். அந்த முதற்படியையே நாம் எடைக்குப் போடுகிறோம். நூலாகாத பத்திகள் எத்தனையோ பழைய இதழ்களோடு கரைந்து போயின.

ஆகவே சங்கங்களை நாம் கேட்பது இரண்டு. நூலகத்துப் பழைய இதழ்களைக் கட்டடம் செய்து காப்பாற்றுங்கள். ஆண்டு மலர்களில் வாழ்த்துரைகளைச் சற்றுக் குறைத்து, இத்தகைய சிறு கட்டுரைகளுக்கு இடம் கொடுங்கள். தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். அன்றாடம் கைமாறிப் புழங்குவது சில்லறைதான். மொழி வாழ்வதும் அந்தப் புழக்கத்திலேயே.