சிசுவின் அறிவைக் காக்கும் சோதனை

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பித்துப்பிடித்ததென ஒதுக்கி, விதியை நோவது நம்மவர் பழவழக்கம். 1912-ம் வருஷத்துப் பைத்தியச் சட்டமும் அவ்விரண்டையும் ஒன்றாகவே பாவித்தது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமோ, இக்குறைபாடு மனநோயின்பாற் படாதெனத் தெளிவாக வகுத்துள்ளது.

இதன் காரணங்கள் பல. அவற்றுட் சிலவற்றைத் தடுத்தலும் கூடும். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குன்றிய சிசுவைக் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் கண்டறியலாம். இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு பெரும்பாலும் பழுதுறாது. தாமதித்தால் இழந்ததை மீட்டல் அரிது.

ஆதலின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிற் பிறக்கும் சிசு ஒன்றேனும் இச்சோதனைக்குத் தப்பலாகாது. அதற்குச் சர்க்காரே பொறுப்பு. நடையும் பேச்சும் பிந்திய குழந்தையைப் பெற்றோர் நாட்கடத்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஊனம் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, 2016-ம் வருஷத்துச் சட்டம் அளித்த உரிமையாகும். அதைக் கேட்டுப் பெறுவதில் நாணத்திற்கு இடமேது?