கல் ஆற்றைத் தாண்டிய விதம்



ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேராவது பக்கத்துத் திருமலைக்குப் போய்வரலாம் என்பது என் நெடுநாள் ஆசை. 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையைப் பார்த்து அண்ணாந்த கழுத்தோடு கீழே வந்தால், குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயிலின் தூண்களையும் கொஞ்சம் பாருங்கள். எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன! காரணம் இருக்கிறது. இரண்டு தூண்களின் மேல் கல் உத்தரத்தைக் கிடத்தினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். கல்லை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் உத்தரம் நீள முடியாது, தூண்கள் தள்ளி நிற்க முடியாது.

மண்டபத்துக்கு இது போதும். வெள்ளம் வரும் ஆற்றில் இப்படிக் காடுபோலத் தூண் நட்டால், அடித்துவரும் மரமும் செடியும் சிக்கி ஆறே பாலத்தைத் தள்ளிவிடும்.

தாமிரபரணியில் இதற்குத் தீர்வு கண்டது வளைவு. ஆப்பு வடிவக் கற்களைச் சாரத்தின் மேல் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கியபின் சாரத்தைப் பிரித்தால், மேலே ஏறும் பாரமெல்லாம் ஒரு கல் அடுத்த கல்லை அமுக்குவதாக மாறித் தூணுக்கு இறங்கிவிடும். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்துக்கு இப்படி 11 கண்கள், ஒவ்வொன்றும் 60 அடி. வரைந்தவர் கேப்டன் ஃபேபர், கட்டியவர் ஹார்ஸ்லி. 1843-இல் திறந்தார்கள். அதுவரை அக்கரை போகத் தோணிக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார், அதாவது தலைமை எழுத்தர். (பேரைக் கேட்டுவிட்டு யாரோ ஒரு அம்மா என்று நினைப்பவர்கள் உண்டு.) சுமார் அரை லட்சம் ரூபாய் செலவை அவரே ஏற்றார் என்பார்கள். அந்தக் காலத்து அரை லட்சம்! அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு, அரசாங்கம் செய்யவேண்டிய வேலைக்குக் கைக்காசைக் கொடுத்த மனிதர் எனக்கு இன்றும் ஒரு புதிர்தான்.

லண்டனின் வாட்டர்லூ பாலமே முதலியார் பாலத்துக்கு மாதிரி என்று சொல்வது வழக்கம். ஜான் ரென்னி வடிவமைத்து 1817-இல் திறந்த அந்தப் பாலத்தின் தூண்களுக்குக் கீழே தேம்ஸ் நதி மண்ணை அரித்தது, தூண் இறங்கியது, 1924-இல் போக்குவரத்தை நிறுத்தி, 1930-களில் இடித்தே விட்டார்கள். நம்முடையதும் அடி வாங்காமல் இல்லை. 1869 வெள்ளத்தில் சில வளைவுகள் போய்விட, திரும்பக் கட்டினார்கள். இன்றும் அதன்மேல் பஸ் ஓடுகிறது.

ஆரணியின் கமண்டல நாகநதியில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும் என்றாலும் பாலம் வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை. மழைக்காலத்தில் அது வேறு ஆறு. உங்கள் ஊரிலும் பழைய கல்பாலம் இருக்கும். எத்தனை கண், யார் கட்டியது, கைப்பிடிச் சுவரில் கல்வெட்டு உண்டா என்று பார்த்து எழுதுங்கள். சின்ன வாய்க்கால் பாலமானாலும் சரி. படம் எடுக்கக் கீழே இறங்குகிறவர்கள் தண்ணீர் வரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்