வீடு கொடுத்து ஊரைப் பறிப்பதா?

சென்னைப் பட்டணத்து ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவேண்டும் என்பதில் இன்று அபிப்பிராய பேதம் கிடையாது. எங்கே கட்டித் தருவது என்ற கேள்வி பிறந்தவுடனேதான் சர்க்காரின் தாராளம் சுருங்கிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்தவனுக்கு வீடு அளிப்பதாகச் சொல்லி, அவனை ஊரைவிட்டே அகற்றுவது உபகாரமாகுமா?

1970-ம் வருஷம் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசைவாசிகளுக்கு அவர்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தருவது அதன் முக்கிய வேலையாயிருந்தது. குடிசைப் பகுதியென்று பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் வசிப்போரை வெளியேற்ற, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி வழக்குத் தொடரலாகாது என்று 1971-ம் வருஷத்துச் சட்டம் விதித்தது. அவ்வருஷம் பட்டணத்தில் 1,202 பகுதிகளும், 1985-ல் மேலும் 17 பகுதிகளும் பிரகடனம் செய்யப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் புதிய பிரகடனமே இல்லை. சட்டம் உயிரோடிருந்தது, அதன் நிழலில் ஒதுங்கும் உரிமைதான் மற்றவர்களுக்குக் கிட்டவில்லை.

2000-ம் வருஷத்திலிருந்து காற்று வேறு திசையில் வீசிற்று. கண்ணகி நகரில் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள். சென்ட்ரலிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மயிலாப்பூரில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்தவள் அங்கிருந்து விடியுமுன் பஸ் ஏறவேண்டும். மீன் கூடை சுமந்தவள் வாடிக்கைக்காரர்களை இழக்கிறாள். பள்ளிப் பிள்ளை படிப்பை விடுகிறான். குடும்பத்துக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. அடுப்பு எரிவதற்கு வழி போயிற்று.

ஆற்றங்கரையில் வசிப்பது அபாயமல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. 2015-ம் வருஷத்து வெள்ளத்தை யாவரும் அறிவர். ஆனால், அவ்வெள்ளத்தைக் காரணங்காட்டி அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பலரைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்தது. மழைக்காலத்தில் அங்கும் நீர் சூழ்கிறது. அபாயத்திலிருந்து காப்பதே நோக்கமாயின் இந்த இடத்தைத் தேர்ந்திருப்பார்களா?

ஜீவனோபாயமும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியதே என்று 1985-ம் வருஷம் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. எனினும், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்தது. எனவே கோர்ட்டை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை. பரிகாரம் சர்க்காரின் கொள்கையிலேயே இருத்தல் வேண்டும்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கோர்ட்டு உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கு வசித்த ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால் அருகிலேயே இடம் உண்டு என்பது ஒரு பிரஜை மாண்ட பிறகு புலப்படுமானால், அவர் உயிரோடிருந்தபோது ஏன் புலப்படவில்லை?

தாய்லாந்தில் 2003-ம் வருஷம் தொடங்கிய ‘பான் மங்காங்’ திட்டத்தைப் பார்ப்போம். குடிசைவாசிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நிலத்தைக் கூட்டாக வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, சர்க்கார் கடனுதவியுடன் வீடு கட்டிக்கொள்கிறார்கள். நிலம் பொதுவாயிருப்பதால் பணக்காரர் ஒவ்வொருவராக விலைபேசி அவர்களைக் கிளப்புவது எளிதன்று.

நாம் கேட்பது இவ்வளவே: விடுபட்ட பகுதிகளைப் பிரகடனம் செய்க. பழைய வீடுகளை இடிக்குமுன், வாடகைக்கு இருப்போரையும் சேர்த்து, திரும்பிவரும் உரிமையுள்ளோரின் ஜாபிதாவைப் பகிரங்கப்படுத்துக. ஒரு பகுதியைக் கட்டி முடித்து மறு பகுதியை இடிக்குக. ஆற்றங்கரையிலிருந்து அகற்றியே தீரவேண்டியவர்களுக்கு, அவர்கள் பிழைப்புக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் சர்க்கார் நிலத்தை ஒதுக்குக.

அங்கே நிலத்தின் விலை அதிகம் என்பார்கள். அந்நிலத்துக்கு அவ்விலை ஏறும்படி சாலை போட்டு, சாக்கடை வெட்டி, மாளிகை கட்டியவர்கள் யார் என்று யோசித்துவிட்டு அவர்கள் பதில் சொல்லட்டும்.