முப்பதிலும் முகப்பரு

வாலிபங் கழிந்தால் முகப்பருவும் தானே ஒழியும் என்பது நம்மவர் எண்ணம். 30 வயதிலும் 40 வயதிலும் அது ஒழியாதிருத்தலை, சிறப்பாகப் பெண்மக்களிடத்தில், நாம் காண்கிறோம். பட்டமளிப்பு விழாப் படத்திற் பின்வரிசை தேடி நின்றவர், பிள்ளை பெற்ற பின்னும் பின்வரிசையே தேடுகிறார்! "முகத்தை நன்றாய்க் கழுவு" என்பதே அவருக்குக் கிடைக்கும் புத்திமதி. பரு அழுக்கினால் வருவதன்று. தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகள் மிகச் சுரக்க, மயிர்த்துளை அடைபட்டு, ஆங்கே கிருமி பெருகி வீங்குவதே பரு. தேய்த்துக் கழுவுதல் புண்ணைக் கிளறுவதாகவே முடியும்.

இதனினுங் கொடியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சின்னாளில் முகம் பளபளக்கும். நாளடைவில் தோல் மெலியும். நிறுத்தினாலோ பரு முன்னிலும் மிகுதியாய் வெடிக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் விதித்தது. விதித்தும் என்ன? கேட்பார்க்குக் கொடுக்குங் கடைகள் உள. சிவந்த நிறத்தில் ஆசைகொண்டு கேட்பாரும் உளர். கடைக்காரரை மட்டும் நோவது நியாயமன்று.

நெறியான சிகிச்சையில் விந்தை யாதுமில்லை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் முதலியவற்றை வைத்தியர் சொன்னவாறு பூசி, 8 முதல் 12 வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். முதற் சில வாரங்களில் தோல் உரிந்து எரியும். அப்பொழுதே பலர் கைவிடுகின்றனர். ஐசோட்ரெடினாயின் என்னும் மருந்து கடும்பருவையும் அடக்கவல்லது; ஆயினும் கருவுற்றவர் உட்கொண்டால் சிசு ஊனமுற்றுப் பிறக்கக்கூடும். தோழிக்குக் குணமாயிற்றென்று அதனைத் தாமே வாங்கி உண்ணுதல் தகுமோ? மாதவிடாயும் ஒழுங்கு தவறியிருப்பின், களிம்பைத் தேடுமுன் அதனை வைத்தியரிடம் நாணாது சொல்லுக.