யானை என்ன பரிசுப் பொருளா?

ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்குப் பட்டுச் சால்வை தரலாம். வெள்ளித் தட்டு தரலாம். பிடிக்காவிட்டால் அலமாரியில் வைத்துப் பூட்டி விடலாம். சால்வை அழாது. யானைக் குட்டியைத் தந்தால்?

1985-ம் ஆண்டில் இலங்கை, பாகிஸ்தானுக்கு ஓர் ஆண் யானைக் குட்டியைப் பரிசாக அனுப்பியது. பெயர் காவன். வயது ஒன்று. தாயிடம் பால் குடித்துக்கொண்டு இருக்கவேண்டிய பருவம்! இஸ்லாமாபாத் மிருகக்காட்சி சாலையில் அதைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். பிறகு, துணைக்கு சஹேலி என்ற பெண் யானை வந்தது. 2012-ல் அதுவும் இறந்துவிட்டது. அப்புறம் 8 ஆண்டுகள் காவன் தனி மரம்.

அது தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நிற்கும். மணிக்கணக்காக ஆட்டும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தை என்ன நினைக்கும்? "யானை டான்ஸ் ஆடுது" என்று கை தட்டும். அது ஆட்டம் அல்ல, வாசகர்களே, மனம் நொந்ததால் வந்த நோய். அடைபட்ட யானைகளுக்கு வரும் இந்த நோயை மிருக வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். காட்டில் கூட்டத்தோடு திரியும் யானை இப்படி ஆடுவது இல்லை.

"குழந்தைகள் மிருகங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் கை தட்டிய அந்தக் குழந்தை யானையைப் பற்றித் தெரிந்துகொண்டது என்ன? ஒரு பொய்யைத்தானே!

கடைசியில் கோர்ட்டு கண் திறந்தது. காவனை விடுவிக்கும்படி 2020 மே மாதத்தில் இஸ்லாமாபாத் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நவம்பரில் விமானம் ஏற்றி, கம்போடியா நாட்டு வனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலிக்கு அப்பால் நின்ற ஒரு யானை துதிக்கையை நீட்டியது. காவனும் நீட்டியது. அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 35 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு!

மிருகக்காட்சி சாலைகளால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் இனம் வேட்டையால் 1972-ல் அடியோடு அற்றுப்போயிற்று. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்து மிருகக்காட்சி சாலையிலும் வேறு இடங்களிலும் வளர்த்த மந்தை இருந்ததால், 1982-ல் ஓமன் நாட்டில் மீண்டும் அவிழ்த்துவிட முடிந்தது. இது புண்ணிய காரியம். காவனை அடைத்து வைத்ததால் எந்த இனம் பிழைத்தது?

நம் யோக்கியதை என்ன என்றும் பார்க்கவேண்டும். மிருகக்காட்சி சாலைகளில் யானைகளை வைக்கக் கூடாது, அவற்றை முகாம்களுக்கும் காட்டுப் பகுதிகளுக்கும் மாற்றவேண்டும் என்று 2009-லேயே மத்திய ஆணையம் முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனாலும் டில்லியில் சங்கர் இருந்தது. 1998-ல் ஜிம்பாப்வேயில் இருந்து பரிசாக வந்த ஆப்பிரிக்க யானை அது. மாஜி ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் பெரிது, இடம் சிறிது. உடன் வந்த பெண் யானை சில ஆண்டுகளில் இறந்தது. சங்கர் 20 ஆண்டுக்கு மேல் ஒண்டியாகக் கிடந்து, 2025 செப்டம்பரில் செத்தது. வயது 29. காட்டில் இருந்தால் 60 வயதுகூட வாழக்கூடிய பிராணி!

சங்கர் நின்ற இடத்துக்கு இன்னொரு ஆப்பிரிக்க யானை தருவதாக எந்த நாடு முன்வந்தாலும், வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதை இப்போதே எழுத்தில் அறிவித்துவிட்டால் மிகவும் நல்லது.